படிப்பு முடிந்த பிறகு இரண்டு வருடம்
(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் மேற்படிப்பு பற்றிப் பேச எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். இன்ஜினியரிங், பி.காம். பற்றிச் சொல்ல நம் குடியிருப்பில் மாடிக்கு ஒருவர் இருக்கிறார். "சினிமா படிக்கிறேன்" என்று பிள்ளை சொன்னால்தான் வீட்டில் பேச்சே நின்றுபோகிறது. நான் வங்கியில் வேலை பார்த்தவன். அதனால் அந்தப் படிப்பின் வரவு செலவை மட்டும் சொல்கிறேன்.

சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அடையாறு பிலிம் இன்ஸ்டிடியூட் என்று நம் வயதுக்காரர்கள் சொல்வது இதைத்தான். பிளஸ் டூ முடித்ததும் சேரலாம். நான்கு வருடப் பட்டப்படிப்பு. இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு என்று தனித்தனிப் பிரிவுகள். 1960-ல் தொடங்கிய புனே நிறுவனத்தின் முக்கியப் படிப்புகளுக்கு முதலில் ஒரு பட்டம் வேண்டும்.

நாம் கட்டணம், அறை வாடகை, மெஸ், ஊருக்கு வந்துபோகும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் டிக்கெட் எல்லாம் கூட்டி, நான்கு வருடத்தோடு கோடு போட்டுவிடுகிறோம். இந்தத் தொழிலில் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் பெரிய செலவு. உதவியாளராகச் சேர்ந்தால் மாதாமாதம் ஒன்றாம் தேதி சம்பளம் என்பது கிடையாது. ஒரு படம் முடிந்து அடுத்த படம் வரும்வரை சும்மா இருக்க நேரும்.

இலங்கை மட்டக்களப்பிலிருந்து வந்த பாலு மகேந்திரா 1969-ல் புனேயில் ஒளிப்பதிவுப் படிப்பை முடித்தார். அவர் இயக்கிய முதல் படமான 'கோகிலா' கன்னடத்தில் வெளிவந்தது 1977-ல். தங்கப் பதக்கம் வாங்கியவருக்கே எட்டு வருடம்! இடையில் மலையாளப் படங்களில் ஒளிப்பதிவாளராக வேலை செய்தார். இயக்குநர் ஆகும் ஆசை இருந்தாலும், சோறு போட ஒரு கைத்தொழில் இருந்தது. இதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

இப்போது கடனுக்கு வருகிறேன். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் வரை நாம் முன்பணம் போட வேண்டாம். ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் வேண்டாம். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும். பெற்றோரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போடுகிறோம். படிக்கும் காலத்து வட்டியை அவ்வப்போது கட்டுங்கள். கட்டாத வட்டி அசலோடு சேர்ந்துவிடும். தனியார் பயிற்சி நிலையம் என்றால், சான்றிதழ் தருவது யார், அதற்குக் கடன் உண்டா என்று சேருவதற்கு முன்பே வங்கியில் கேளுங்கள்.

இன்னொன்று. பிள்ளை சேரும் மாதமே ஒரு ஆர்.டி. தொடங்குங்கள். மாதம் 5,000 ரூபாய், 48 மாதம். வட்டி இல்லாமலே 2,40,000. படிப்பு முடிந்ததும் மாதம் 10,000 வீதம் 24 மாதம் சென்னையில் தாக்குப்பிடிக்கலாம். முடியாதவர்கள் பாதி போடுங்கள். ஒரு வருடமாவது ஓடும். திறமை இல்லாமல் திரும்பி வருபவர்கள் உண்டு. வாடகை கொடுக்க முடியாமல் திரும்பி வருபவர்களும் உண்டு. இரண்டாவது காரணத்தை நம்மால் தடுக்க முடியும்.

அங்கே கிடைக்கும் நண்பர்களையும் வரவில் எழுதுங்கள். 1986-ல் வந்த 'ஊமை விழிகள்' படத்தை எடுத்த ஆபாவாணன், இயக்குநர் அரவிந்தராஜ் ஆகியோர் திரைப்படக் கல்லூரியிலிருந்து கூட்டாக வந்தவர்கள்தான்.

"சினிமா வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். "சரி" என்று சொன்னால், ஆறு வருடத்துக்குச் சேர்த்துச் சொல்லுங்கள். கடன் விண்ணப்பத்தில் சந்தேகம் இருப்பவர்கள் ஞாயிறு காலை சங்க அறைக்கு வாருங்கள்; உட்கார்ந்து பார்ப்போம்.