நாய்க்குத் தடை போடுமுன் வளர்ப்பவர்களையும் கேளுங்கள்!

(திருச்செந்தூர் தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"ரோடு, தண்ணி, மீன்பிடித் தடைக்கால நிவாரணம்னு பேச எவ்வளவோ கிடக்கு, இவங்க நாயைப் பத்திப் பேச வந்துட்டாங்களே"ன்னு நீங்கள் நினைக்கலாம். உங்க வீட்டுக்குள்ள நாலு வருஷமா வளர்ந்த ஒரு உயிரை, ஒரு காகிதம் வந்து "ஆபத்தானது"ன்னு சொன்னா நீங்க என்ன செய்வீங்க? அதனால் இதுவும் மக்கள் பிரச்சினைதான்.

2024 மார்ச் 12 அன்று ஒன்றிய அரசின் கால்நடை பராமரிப்புத் துறை மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. பிட்புல், ராட்வீலர் உள்பட 23 வகை நாய்களை இறக்குமதி செய்யவோ, இனப்பெருக்கம் செய்யவோ, விற்கவோ கூடாது. ஏற்கெனவே வளர்ப்பவர்கள் கருத்தடை செய்ய வேண்டும் என்றது. கலப்பினங்களும் அந்தப் பட்டியலில் உண்டு.

இங்கேதான் சிக்கல். உடன்குடி பக்கம் தோட்டக் காவலுக்கு நிக்கிற நாய்க்கு எந்த சர்டிபிகேட் இருக்கு? அதோட தாய் எது, தகப்பன் எதுன்னு யார் சொல்வது? முகத்தைப் பார்த்து முடிவு செய்வதா?

நாய் வளர்ப்பவர்களிடம் கருத்து கேட்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, 2024 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தக் கடிதத்தை ரத்து செய்தது. மக்களின் ஆட்சேபங்களைக் கேட்டு முடிவெடுங்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றமும் சொன்னது.

அடுத்த மாதமே சென்னை ஆயிரம்விளக்குப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறின. அந்தப் பிள்ளை பட்ட வேதனையை யாரும் குறைத்துப் பேச முடியாது. அந்தச் சூட்டோடு தமிழ்நாட்டிலும் 23 இனங்களுக்குத் தடை அறிவிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. பிறகு 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி, பிட்புல், ராட்வீலருக்குப் புதிய உரிமம் கிடையாது என்று முடிவெடுத்தது. ஏற்கெனவே இருப்பவற்றை வெளியே கூட்டி வரும்போது கயிறும் வாய்ப்பூட்டும் கட்டாயம் என்றது.

இப்படி அறிவிப்பு வருவதும் போவதுமாக இருந்தால் என்ன ஆகும்? பயந்துபோன சிலர் ராத்திரியோட ராத்திரியா நாயைக் கொண்டுபோய் ஊருக்கு வெளியே விட்டுவிடுவார்கள். வீட்டில் கட்டிக் கிடந்த நாய் பசியோடு தெருவுக்கு வந்தால் ஆபத்து கூடுமா, குறையுமா? யோசித்துப் பாருங்கள். விலங்கைப் பட்டினியில் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்! ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசு.

பிரிட்டனில் 1991-லேயே நாலு இனங்களைத் தடை செய்தார்கள். நாய்க்கடி நிற்கவில்லை; 2023-இல் எக்ஸ்எல் புல்லி என்று இன்னொன்றைச் சேர்த்தார்கள். நெதர்லாந்து 2008-லும் இத்தாலி 2009-லும் இனத் தடையையும் பட்டியலையும் கைவிட்டன. இத்தாலி பொறுப்பை வளர்ப்பவர் மேல் வைத்தது.

நாங்கள் கேட்பது இதுதான்:

✅ திருச்செந்தூர் நகராட்சியில் வார்டு வாரியாக நாய்ப் பதிவு, வெறிநாய்த் தடுப்பூசி முகாம்.
✅ உரிமமில்லாமல் குட்டி போட வைத்து விற்பவர்கள் மேல் நடவடிக்கை.
✅ எந்த விதி கொண்டுவந்தாலும் முதலில் கால்நடை மருத்துவர், நாய் வளர்ப்பவர், கடிபட்ட குடும்பம் மூவரையும் உட்கார வைத்துப் பேச்சு.

நாய் வளர்க்கிற அண்ணாச்சிமார்களுக்கும் ஒரு வார்த்தை. "என் நாய் ஒண்ணும் செய்யாது"ன்னு சொல்லாதீங்க. அது உங்களை ஒண்ணும் செய்யாது. முருகன் சன்னதிக்கு வருகிற வெளியூர்ப் பிள்ளையை அதுக்குத் தெரியாது. கடற்கரைக்குக் கூட்டிப் போனால் கயிறு கையில் இருக்கட்டும். அலட்சியத்தால் ஆபத்து வந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு.

பிள்ளைகள் பயமில்லாமல் தெருவில் நடக்க வேண்டும். பொறுப்போடு வளர்ப்பவரும் பயமில்லாமல் வளர்க்க வேண்டும். இரண்டுக்கும் இடம் தருகிற சட்டம் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.