அந்த 121 நிஜமா, இரைச்சலா?

இன்னைக்கு ஒரு சின்னக் கணக்கிலிருந்து தொடங்கலாம்.

பிரான்ஸ்ல கிரெனோபிள், இங்கிலாந்துல ஐசிஸ், ஜப்பான்ல ஜே-பார்க். இந்த மாதிரி ஆய்வுக்கூடங்கள்ல ஒரு பொருள் மேல நியூட்ரான் கற்றையை விட்டு, எந்தக் கோணத்துல எத்தனை சிதறுதுன்னு எண்ணுவாங்க. உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கு, எப்படி அசையுதுன்னு அதிலிருந்து தெரியும். பிராக்ஹவுஸ், ஷல் ரெண்டு பேருக்கும் 1994ல இயற்பியல் நோபல் கிடைச்சது இந்த வேலைக்குத்தான்.

சிக்கல் என்னன்னா, நியூட்ரான் தாராளமா கிடைக்காது. தூறல் மாதிரி அங்கொண்ணு இங்கொண்ணுதான் விழும். ஒரு மணி நேரத்துல 100 விழுந்தா, பிழை 10 அளவுக்கு இருக்கும். எண்ணிக்கையோட வர்க்கமூலம்தான் பிழை. அந்த 10 சதவீதத்தை 1 சதவீதமாக்கணும்னா 10,000 எண்ணணும். அதாவது 100 மணி நேரம்! விண்ணப்பம் போட்டுக் காத்திருந்து கிடைக்கிறதே பெரும்பாலும் சில நாள்தான்.

இங்கதான் பேயீசியன் முறை கைகொடுக்குது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள்ல 98, 97, 121, 99, 102ன்னு வந்திருக்குன்னு வச்சுக்கோங்க. 121 நிஜமான முகடா? எந்தக் கருவிக்கும் ஒரு மங்கல் உண்டு. புள்ளிகளை நெருக்கமா எடுத்திருந்தா, முகடு எவ்வளவு ஒல்லியா இருந்தாலும் ரெண்டு மூணு புள்ளிக்குப் பரவித்தான் தெரியும். இங்க அக்கம்பக்கம் அசையவே இல்லை. அப்போ இரைச்சலா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதே 121, நடுவுல 113, 121, 112ன்னு வந்திருந்தா கதையே வேற. ஒவ்வொரு புள்ளியையும் தனியா விசாரிக்காம, பக்கத்து வீட்டுச் சாட்சியையும் கேட்கிறோம், அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை: ஒரு புள்ளியில 0 விழுந்தா, வர்க்கமூலக் கணக்குப்படி பிழையும் 0. ஒண்ணுமே எண்ணலை, ஆனா நூறு சதவீதம் உறுதியாம்! பாய்சான் பரவலை நேரடியா வச்சுக் கணக்குப் போட்டா இந்தக் கூத்து வராது.

எனக்குப் பயம் ஒண்ணுதான். கோடு வழவழன்னுதான் இருக்கும்னு ரொம்ப அழுத்தமா முன்கூட்டியே நம்பிட்டா, சின்னதா இருந்த நிஜ முகடும் இஸ்திரி போட்ட மாதிரி காணாமப் போயிடும். படம் மட்டும் அழகா இருக்கும். அதனால வெறும் கோட்டை மட்டும் காட்டுற கட்டுரையை நான் நம்பறதில்லை. எண்ணின அசல் புள்ளிகளும் வேணும், கோட்டைச் சுத்தி நிச்சயமின்மைப் பட்டையும் வேணும்.

அந்தப் பட்டைக்கு இன்னொரு பயனும் இருக்கு. எங்க அகலமா இருக்கோ, மிச்ச நேரத்தை அங்க செலவழிக்கலாம். அடுத்து எங்க அளக்கணும்னு கணினியே முடிவு பண்ற சோதனைகள் கிரெனோபிள்ல ஏற்கெனவே நடந்திருக்கு.