பட்டாவும் மானியமும்



வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுவதே வழக்கம். நாமும் கல்வியைப் பற்றித்தான் பேசப் போகிறோம். பட்டாவைப் படித்தறியும் கல்வியைப் பற்றி.

பிரதமர் கிசான் உதவித் திட்டம் 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. விவசாயக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் சேருகிறது. அத்திட்டத்தின்படி விவசாயி யார்? 1.2.2019 அன்று தம் பெயரில் சாகுபடி நிலம் உடையவர். அதற்குப் பின் விலைக்கு வாங்கியவருக்கு இடமில்லை. உடையவர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. குத்தகைக்கு உழுபவரும், வாரத்துக்குப் பயிரிடுபவரும், கூலிக்கு நாற்று நடுபவரும் அக்கணக்கில் விவசாயிகளே அல்லர்! வயிற்றைக் கட்டிச் சேர்த்து, முதன்முதலாக நேற்று அரை ஏக்கர் வாங்கிய நம்மவரும் அல்லர்.

மகாராஜபுரத்துத் தென்னந்தோப்புகளிலும் வயல்களிலும் விடியற்காலையில் இறங்குகிறவர்களில் நம்மவர் எத்தனை பேர், தவணை வந்ததென்று வங்கிக்குச் செல்கிறவர்களில் நம்மவர் எத்தனை பேர் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் தெருவை நினைத்து எண்ணிப் பார்க்கலாம்.

நமக்கு நிலமே தரப்படவில்லை என்பதன்று. செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையின் பயனாக, 1892 முதல் சென்னை மாகாணத்தில் பஞ்சமி நிலங்கள் வழங்கப்பட்டன. பத்தாண்டுகள் விற்கலாகாது, பின்னரும் நம்மவர்க்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அவற்றுள் பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று. அந்நிலத்தை மீட்கக் கோரிய காரணைப் போராட்டத்தை ஒட்டி, 1994-இல் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் துறந்தனர்.

2020-இல் நடந்ததையும் மறவாதீர்கள். தமிழ்நாட்டில் தகுதியற்ற சுமார் ஐந்தரை இலட்சம் பேர் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டது அவ்வாண்டு ஆகஸ்டில் வெளிப்பட்டது. அதிகாரிகளின் கடவுச்சொற்கள் தரகர் கைக்குப் போயிருந்தன. கொரோனா நிவாரணம் என்று நம்பி ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் நீட்டிய ஏழைகளும் அதில் உண்டு. வந்த பணம் திரும்பப் பிடிக்கப்பட்டது. தரகனுக்குக் கொடுத்த பங்கை யார் திருப்பித் தந்தார்?

வேறு வழியே இல்லையா? ஆந்திரத்தில் 2019-இல் தொடங்கிய ரைது பரோசா திட்டம் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த குத்தகை உழவர்க்கும் உதவியது. ஒடிசாவின் காலியா திட்டம் நிலமற்ற குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டது. ஆகவே, இதைக் கேட்பது பேராசை ஆகாது. நம் மாநிலத்தில் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அதைக் கேட்டுப் பதிவு செய்தவர்தாம் குறைவு.

இனி, நம் கையில் இருப்பது. நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பட்டா இன்னும் பாட்டனார் பெயரில் கிடக்கிறது. அண்ணன் தம்பி மூவரும் உழுகிறார்கள். மூவருக்கும் தவணை இல்லை. வாரிசுச் சான்றிதழ் வாங்கப் போனால் ஒருநாள் கூலி போய்விடுமே என்று ஆண்டுகளைப் போக்கிவிட்டார்கள். வேளாண் கருவிகளுக்கு நம் வகுப்புச் சிறு, குறு விவசாயிகளுக்கென 2022-23 வேளாண் நிதிநிலை அறிக்கையில் மாநில அரசு அறிவித்த கூடுதல் 20 சதவீத மானியமும் அப்படியே கைநழுவிற்று. ஏனெனில், சிறு விவசாயி என்ற சான்றுக்கும் பட்டாவே வேண்டும்.

படித்த இளைஞர்களே, வாரத்தில் ஒரு மாலை நமது சங்கக் கட்டடத்தில் உட்காருங்கள். பட்டா மாறுதல் மனுவை நீங்களே எழுதிக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள். தாய்மார்களே, டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய காகிதங்களைச் செல்லரித்திருந்தாலும் எறிந்துவிடாமல் எடுத்து வாருங்கள்.