பழைய பாடசாலைகளும் நெருப்பும்

 

பழைய பாடசாலைக் கட்டடங்களிலே தீ அபாயத்தைக் குறித்து நடத்தப்படும் பரிசோதனைகள் பற்றிச் சில வார்த்தைகள் கூற வந்திருக்கிறோம். விழா மேடைக்கு ஏற்ற விஷயந்தானா என்று சிலர் எண்ணலாம். கேட்டபின் தீர்ப்புக் கூறுங்கள்.

அமெரிக்காவிலே சிக்காகோ நகரில், தேவதூதர்களின் மாதா பெயரால் ஒரு கத்தோலிக்க பாடசாலை இருந்தது. 1958 டிசெம்பர் 1ஆந் திகதி, பாடசாலை விடும் வேளை நெருங்கிய பிற்பகலில், அங்கே தீ மூண்டது. 92 பிள்ளைகளும் 3 கன்னியாஸ்திரீகளும் மாண்டனர். அக்கன்னியர் எத்தகையோர் என்பது மிஷன் பாடசாலையிற் படித்த எமக்குச் சொல்லாமலே விளங்குகிறது.

அவ்வாண்டு ஒக்டோபரிலேதான் அக்கட்டடம் பரிசோதிக்கப்பட்டுச் சரியென்று ஏற்கப்பட்டிருந்தது. பரிசோதகர் பொய் சொல்லவில்லை. நகரத்தின் 1949ஆம் ஆண்டுச் சட்டம் புதுக் கட்டடங்களுக்கே உரியது, பழையவை அதற்குட்படவில்லை. படிக்கட்டு மரத்தாலானது. அபாய மணி தீயணைப்பு நிலையத்தோடு தொடுக்கப்படவில்லை. தீயணைக்கும் கருவிகளோ 7 அடி உயரத்தில் தொங்கின. எந்தப் பிள்ளைக்கு எட்டும்? இத்தனை இருந்தும் சட்டப்படி குற்றமில்லை!

நிலவறையிலே, படிக்கட்டின் அடியில் இருந்த குப்பைப் பீப்பாவிலே தீ தொடங்கியது. படிக்கட்டே புகைக்கூண்டாயிற்று. கீழ்த்தளத்தில் அப்படிக்கட்டுக்குக் கதவிருந்தது. அது நெருப்பைத் தடுத்தது. மேல்மாடியிற் கதவில்லை. மாண்டவர் யாவரும் மேல்மாடியில் இருந்தவர்களே. ஒரு கதவு, தோழர்களே! ஒரேயொரு கதவு!

அது தூரதேசத்துக் கதை என்று தள்ளவும் இயலாது. 2004 யூலை 16ஆந் திகதி, தமிழ்நாட்டுக் கும்பகோணத்திலே, சமையற்கொட்டிலிற் பற்றிய நெருப்பு வகுப்பறையின் ஓலைக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று.

நமது ஊர்களிலும் பாட்டனார் காலத்து மண்டபங்களிற் பிள்ளைகள் படிக்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறதென்பதை அதிகாரிகள் பார்க்கட்டும். பிள்ளை எவ்வழியால் வெளியேறும் என்பதை நாமே பார்க்கலாம். சரஸ்வதி பூசைக்குக் காகிதத் தோரணங் கட்டி, அதன்கீழேயே கற்பூரங் கொளுத்துகிறவர்களும் நாமல்லவா? (பெரியோர் சிரிக்கிறார்கள்; அவர்கள் காலத்திலும் இவ்வாறுதான் போலும்.)

அடுத்த சிரமதானத்தை வேலி கட்டுவதோடு நிறுத்தாமல், அதிபரின் அனுமதியோடு, படிக்கட்டின் கீழே குவிந்து கிடக்கும் உடைந்த வாங்குகளையும் பழைய கடுதாசிக் கட்டுகளையும் அகற்றுவோம். பின்வாசற் கதவு உட்புறந் திறக்கிறதா, வெளிப்புறந் திறக்கிறதா என்று தள்ளிப் பார்ப்போம். பூட்டியிருந்தால், அதன் திறப்பு பகலிலே யார் கையில் இருக்கிறதென்றும் கேட்டு வருவோம்.