நாய் வளர்க்கலாம், ஊசியும் போடுங்கள்

(தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் தாய் தந்தையருக்கு ஆற்றிய உரை. பேசியவர் திருகோணமலை மாவட்டம் ஈச்சிலம்பற்றைச் சேர்ந்தவர். நாய்களுக்குத் தடுப்பூசி போடும் வேலையில் பல வருடம் இருந்தவர்.)



மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்து, வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்ட வேண்டிய நேரத்தில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே நேரே விசயத்துக்கு வாறேன்.

நான் கடலோர ஊர்க்காரன். ஈச்சிலம்பற்று, வெருகல் ஆற்றுப் பக்கம். 2006இல் யுத்தத்தால் எங்கட ஊர் இடம்பெயர்ந்தது. கையில் எடுத்தது உடுப்பும் பிள்ளைகளும்தான். மாடு, கோழி, நாய் எல்லாம் அப்படியே. எங்கட அம்மா மட்டும் திரும்பி ஓடிப்போய் நாயின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்தா. 2007இல் திரும்பிப் போனபோது அந்த நாய் இல்லை. ஆனால் வெறும் வளவுகளில் நாய்கள் கூட்டமாக நின்றன. சோறும் இல்லை, ஊசியும் இல்லை.

பக்கத்து வளவுப் பொடியன், எட்டு வயது, அதில் ஒரு குட்டியைத் தூக்கி வந்தான். அது விரலைக் கடித்துவிட்டது. சின்னக் காயம். அம்மா அடிப்பா என்று மறைத்துவிட்டான். நாலாம் நாள் குட்டி செத்தது. அவனுடைய தங்கச்சிதான் போட்டுக்கொடுத்தாள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி தொடங்கினார்கள். இன்றைக்கு அவனுக்கே பிள்ளை இருக்கிறது. அந்தப் பிள்ளை வாய் திறக்காமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் இப்பவும் நினைப்பதுண்டு. அதனால் முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாய் கடித்தது என்று பிள்ளை வந்து சொன்னால், தயவுசெய்து பிள்ளையை அடிக்காதீர்கள், ஏசாதீர்கள்.

விசர்நாய்க்கடி நோய் வெளியில் தெரிந்த பிறகு ஆளைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். அதற்கு முன் போடுகிற ஊசிதான் உயிர். 1973இல் நம் நாட்டில் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். நாய்களுக்கு ஊசி போடப் போட அது பெரிதும் குறைந்தது. ஆனாலும் முற்றாக நிற்கவில்லை.

சரி, குட்டி எடுப்பது எப்படி? டவுனிலிருந்து சடை நாய் வாங்கிவரச் சில பேருக்கு ஆசை. இந்த மழைக்கும் அட்டைக்கும் உண்ணிக்கும் சடை நாய் சரிவராது. தோல் புண்ணாகும், மணக்கும், பிறகு லயத்துக் கோடியில் கட்டிப் போடுவீர்கள். நம்ம நாட்டு நாயே போதும். சோறும் கருவாடும் தின்று பத்துப் பன்னிரண்டு வருசம் இருக்கும். தாயிடம் எட்டு வாரமாவது பால் குடித்த குட்டியாக எடுங்கள். கண்ணில் பூளை, ஊதிய வயிறு, வயிற்றுப்போக்கு இருந்தால் வேண்டாம். ஊதிய வயிறு கொழுப்பல்ல, பூச்சி. அந்தப் பூச்சி இஸ்தோப்பில் விளையாடும் பிள்ளைக்கும் வரும். ஆகவே பூச்சி மருந்து கொடுங்கள், நாயின் மலத்தை அள்ளிப் புதையுங்கள்.

பெட்டைக்குட்டி என்றால் சாக்கில் கட்டித் தேயிலைக்குள் விட்டுவிடுகிற பழக்கம் இருக்கிறது. கோபிக்க வேண்டாம், நான் பார்த்ததைத்தான் சொல்கிறேன். கருத்தடை முகாம் நடக்கும்போது கொண்டுபோனால் அந்தப் பிரச்சினையே இல்லை. செய்யாவிட்டால் இரண்டு மாதச் சினையில் ஐந்தாறு குட்டி, வருசத்துக்கு இரண்டு தரம்கூடப் போடும்.

லயங்களில் இன்னொரு சங்கதி. நாய் இருக்கும், சொந்தக்காரன் இருக்கமாட்டான். பத்துக் காம்பராவும் சோறு போடும், ஊசி போடுகிற நாளில் பத்துக் காம்பராவும் “அது எங்க நாய் இல்லீங்க” என்று சொல்லும். சோறு வைக்கிற அக்கா யாரோ அவரே பிடித்துக்கொண்டு வரட்டும். உங்கள் கைக்குத்தான் அது அடங்கும். வருசத்துக்கு ஒரு தரம் ஊசி, பூனைக்கும் அதே. அட்டையைச் சாமிப்படத்துக்குப் பின்னால் பத்திரமாக வையுங்கள்.

விசர் பிடித்த நாய் என்றால் நாக்கைத் தொங்கப்போட்டு ஓடிக் கடிக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அப்படியும் வரும். ஆனால் சில நாய் மூலையில் ஒதுங்கிக் கிடக்கும், தாடை தொங்கும், எச்சில் வடியும். தொண்டையில் எலும்பு சிக்கியது என்று வாய்க்குள் கை விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். தண்ணீர் குடித்தால் விசர் இல்லை என்பதும் பிழை. தண்ணீருக்குப் பயப்படுவது மனிதன், நாய் குடிக்கும்.

கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில், பதினைந்து நிமிசம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் ஒன்றும் அப்பக்கூடாது. மந்திரிக்கப் போவதென்றால் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தபிறகு போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். கடித்த நாயை அடித்துக் கொல்லவேண்டாம். கட்டிவைத்து 14 நாள் பாருங்கள். ஆனால் அந்த 14 நாளும் காத்திருந்து பிறகு டாக்டரிடம் போவதல்ல, அன்றைக்கே போவது. ஒருநாள் கூலி போகும்தான், எனக்கும் தெரியும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் இல்லை. சமைத்த கோழி எலும்பு வேண்டாம், குடலைக் கிழிக்கும். வெங்காயம் கிடந்த குழம்புச் சோறும் நல்லதல்ல. பூனைக்குக் காய்ச்சல் என்று பனடோல் கொடுத்துவிடாதீர்கள், ஒரு குளிசையே உயிரை எடுக்கும். மலைக்கு மருந்தடித்த நாளில் நாயைக் கூட்டிப்போக வேண்டாம். இரவில் இஸ்தோப்புக்குள் படுக்கவிடுங்கள். சிறுத்தைக்கு நாய் என்றால் ஆசை, நாயைத் தேடித்தான் அது லயத்துக்கு இறங்கும்.

முன்னுக்கு இருக்கிற தம்பி கையைத் தூக்குகிறார். “ஊசி போட்டா நாய் சோம்பேறி ஆயிருமாமே, குரைக்காதாமே” என்று கேட்கிறார். ஒருநாள் கொஞ்சம் சோர்ந்து படுக்கும், தம்பி. அடுத்தநாள் துரையின் ஜீப் வரும்போது பாருங்கள், குரைக்கும்.