பாலாற்றின் பாக்கி

இந்தியாவின் எந்தச் சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் சட்டம் படித்தாலும் பாலாற்றைத் தாண்டாமல் போக முடியாது. தோல் ஆலைக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு அப்படிப்பட்டது.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்துக்குத் தோல் தொழில் சோறு போட்டது. அதை யாரும் மறுக்க முடியாது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிட்டு வைப்பார்கள். ஆலைக்கு வந்ததும் முதல் வேலை அந்த உப்பை அலசி விடுவது. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். பிறகு குரோமியம் வந்தது. ஒரு கிலோ தோலுக்கு 35 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. உப்பும் குரோமியமும் கலந்த அந்தக் கழிவுநீர் வாய்க்காலுக்கும் வயலுக்கும் ஆற்றுக்கும் போயிற்று. சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் மையம் கணக்கிட்டது. தோல் ஆலைகள் இருந்த திண்டுக்கல் பக்கமும் 13 ஊர்களில் 467 கிணறுகளைச் சோதித்தார்கள். 350 கெட்டிருந்தன!

1996 ஆகஸ்ட் 28இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே ஈடு தர வேண்டும். கேடு வருமுன் காக்க வேண்டும். இவ்விரண்டும் இந்நாட்டுச் சட்டம் என்றது. ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு அமைக்கச் சொன்னது.

தீர்ப்புக்குப் பிறகு அமைந்த ஆணையம் 29,193 பேரைப் பாதிக்கப்பட்டவர்கள் என்று கண்டது. ஆனால் ஆறு தெளியவில்லை. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. அந்தச் சேற்றில் சிக்கிப் பத்துத் தொழிலாளர்கள் மாண்டார்கள். பிழைக்க வந்த ஏழைகள். ஆற்றைக் கெடுக்கும் கழிவு முதலில் அடிப்பது இவர்களைத்தான்.

2025 ஜனவரி 30இல் அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடி பேச வேண்டியதாயிற்று. இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு அரசே முதலில் கொடுத்துவிட்டு, பிறகு ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும் என்றது. கண்காணிக்க ஒரு குழுவும் அமைக்கச் சொன்னது. வழக்குத் தொடுத்து 34 ஆண்டு. ஒரு விவசாயியின் உழைக்கும் வயது முழுவதும் இதில் போய்விட்டது. இது நீதிமன்றத்தின் தோல்வி என்பதைவிட, உத்தரவை நிறைவேற்ற வேண்டியவர்களின் தோல்வி.

பாலாற்றங்கரை ஊர்க்காரர்களே, அடுத்த கிராம சபையில் உங்கள் கிணற்று நீரின் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். இழப்பீட்டுப் பட்டியலில் உங்கள் ஊர்க்காரர்களின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் அந்தக் குழுவின் கதவைத் தட்டுங்கள்.