மலையைப் படித்த பின் மரம் நடுவோம்

(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலியின் நினைவாக மலைமேல் ஆயிரம் மரக்கன்றுகள் நட வேண்டுமென்று நம் இளைஞர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நல்ல எண்ணம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் எங்கே நடுவது, எதை நடுவது, எதற்காக நடுவது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை காணுமுன் மண்வெட்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

நம் வயலுக்கும் கிணற்றுக்கும் உயிர் தருவது மஞ்சளாறு. அது பழனி மலையில் பிறந்து, கொடைக்கானல் சாலையில் செல்வோர் வியந்து நோக்கும் தலையாறு அருவியாக விழுந்து, அணையில் தங்கி நம்மிடம் வருகிறது. மலை முகட்டின் தென்புறம் விழும் மழை நம் பக்கம் இறங்கும். வடபுறம் விழும் மழை பழனிப் பக்கம் போய்விடும். ஒரு சொட்டு மழை எந்த ஆற்றைச் சேரும் என்று பார்த்து, அந்த ஆற்றுக்கு நீர் தரும் நிலம் முழுவதையும் நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம். ஆற்றின் நலம் அந்த நிலத்தின் நலத்தைப் பொறுத்தது.

அந்த மலையுச்சி முழுவதும் ஆதியில் மரக்காடாக இருந்ததில்லை. மடிப்புகளிலும் ஓடையோரங்களிலும் சோலைகள். மேடுகளில் விரிந்த புல்வெளிகள். புல் குறைவாக நீர் குடிக்கும். வேரால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மிஞ்சிய நீர் மண்ணுள் இறங்கி ஊற்றாகக் கசியும். இதை உணராதோர் புல்வெளியை வெறும் தரிசு என்று எண்ணினார்கள். விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், ஆலைக் கூழுக்குமாகச் சீகை மரமும் தைலமரமும் நட்டார்கள். அவர்களுக்கும் ஒரு தேவை இருந்தது, பழிப்பதற்காகச் சொல்லவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். 1973 முதல் 2014 வரை செயற்கைக்கோள் எடுத்த படங்களை ஆய்வாளர்கள் ஒப்பிட்டு, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். பழனி மலைப் புல்வெளியில் 66 விழுக்காடும், சோலையில் 31 விழுக்காடும் மறைந்துவிட்டன. அந்த இடங்களில் பெரும்பாலும் அயல் மரத் தோட்டங்களும் விளைநிலங்களுமே இன்று நிற்கின்றன.

மரம் கூடினால் நீரும் கூடுமல்லவா என்று கேட்பீர்கள். உதகையை அடுத்த கிளென்மார்கனில் இதையே அளந்து பார்த்தார்கள். அருகருகே இருந்த இரு சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்து, 1968 முதல் இரண்டிலும் ஓடைநீரை அளந்தார்கள். பின்னர் 1972-இல் ஒன்றில் மட்டும் தைலமரம் நட்டு, மற்றதை இயற்கையாக விட்டார்கள். முதல் பத்தாண்டில், தைலமரம் நட்ட பகுதியின் நீர்வரத்து சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய கட்டையிலிருந்து மரங்கள் மீண்டும் தழைத்த அடுத்த சுற்றிலோ குறைவு ஏறக்குறைய 25 விழுக்காடாயிற்று. கோடையிலேயே நமக்கு நீர் மிகவும் தேவை. கோடை ஓட்டமும் அங்கே சுருங்கிற்று.

அப்படியானால் அயல் மரங்களையெல்லாம் ஒரே நாளில் வெட்டிவிடலாமா? அதுவும் கூடாது. சீகையை வெட்டி வெயில் பட்டதும், மண்ணில் உறங்கும் அதன் விதைகள் முன்னிலும் அடர்த்தியாக முளைத்துவிடும். சில இடங்களிலோ, அதே சீகையின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே எழும்புகின்றன. ஆகவே ஒவ்வொரு சரிவையும் தனித்தனியே பார்க்க வேண்டும். சரிவு எவ்வளவு செங்குத்து? மண் எவ்வளவு ஆழம்? இன்று அங்கே நிற்பது என்ன, முன்பு நின்றது என்ன? ஓடை எந்த மாதத்தில் வற்றுகிறது? இந்த விடைகளே அடுத்த வேலையைச் சொல்லும். எஞ்சியுள்ள புல்வெளியில் ஒரு மரமும் நடாமல், புதிதாக நுழையும் சீகைக் கன்றுகளை வேரோடு பிடுங்க வேண்டும். சோலைக் கன்று எழும் இடத்தைத் தொடாமல் காக்க வேண்டும். செங்குத்தான விளைநிலத்துக்குக் கல்வரப்பு வேண்டும். ஓடைக்கரையை உழாமல் விட வேண்டும். மேலே காய்கறி பயிரிடுவோரும் நம் சகோதரரே. அவர்களைக் கேட்காமல் எடுக்கும் முடிவு நிலைக்காது.

மலையை இப்படிப் பொறுமையாகப் படித்தவர் நம் குருக்களிடையேயும் இருந்தார். திருச்சியில் ராபினாட் தாவரவியல் ஆய்வகத்தை வளர்த்த சேசு சபைக் குரு மத்தியூ அவர்கள், பழனி மலைச் செடிகொடிகளைப் பற்றிய பெருநூலை 1999-இல் மூன்று பாகங்களாக வெளியிட்டார். எந்தச் செடி இம்மலைக்கு உரியது என்று அறிய இன்றும் அந்நூலைப் புரட்டுகிறார்கள்.

ஆதலால் இளைஞர்களே, உங்கள் ஆயிரம் கன்றுகளை நம் வரப்புகளிலும் கண்மாய்க் கரையிலும் நடுங்கள். புங்கமும் வேம்பும் நாவலும் அங்கே தழைக்கட்டும். மலைக்கு வேறொரு காணிக்கை தருவோம். வனத்துறையின் அனுமதி பெற்று, நம் பக்கம் இறங்கும் ஓடைகளுக்கு மாதம் ஒருமுறை செல்லுங்கள். ஒரு குடம் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறதென்று பார்த்து, நாளும் இடமும் குறித்து நோட்டில் எழுதுங்கள். முதியோரிடம் எந்த ஊற்று எப்போது நின்றதென்று கேட்டு அதையும் எழுதுங்கள். ஐந்து ஆண்டு எழுதிய நோட்டு கையில் இருந்தால், மலையைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரிகளிடம் நாம் முறையீட்டோடு மட்டுமின்றிச் சான்றோடும் போகலாம்.

அந்த முதல் நோட்டை வாங்கித் தரும் பொறுப்பு என்னுடையது. அதை நிரப்பும் பொறுப்பு உங்களுடையது. இறைவன் நம் முயற்சியை ஆசீர்வதிப்பாராக!